கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தனீங்களோ?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் மகளிர் பக்கத்தில் வந்திருந்த கட்டுரையை வாசித்தேன். எந்நேரமும் களைப்பாக இருக்கிறது என்று சொல்லும் பெண்கள் விடியக்காலை எழும்பி நடக்க வேண்டும், மனதைத் தளரவிடக்கூடாது, பழைய கவலைகளை மறக்கப் பழக வேண்டும் என்று அதில் இருந்தது. எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாசித்து முடித்ததும் அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஏனென்றால் இதே வார்த்தைகளைத்தான் நாங்கள் எல்லாரும், நானும் சேர்த்துத்தான், என் அக்காவுக்குப் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு இருந்தது சோம்பலும் இல்லை, மனத்தளர்ச்சியும் இல்லை. தலைக்குள் ஒரு கடலையளவு சுரப்பி செத்துப்போயிருந்தது.

2009 மாசி மாதம், கடைசிச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், முல்லைத்தீவுக் கரையில் மாத்தளன் பக்கத்தில் மணலில் வெட்டிய பங்கருக்குள் அக்காவுக்கு மகன் பிறந்தான். கைப்பழக்கம் உள்ள ஒரு வயதான அம்மாதான் பிள்ளையை எடுத்தார். பிள்ளை நன்றாக அழுதான், நாங்களும் ஆறுதலாக மூச்சு விட்டோம். அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு இரத்தம் நிற்கவில்லை. எங்களிடம் இருந்த சீலைகளை எல்லாம் கிழித்துக் கொடுத்தோம், ஒவ்வொன்றும் நனைந்து நனைந்து வந்தது, கீழே மணல் கறுத்துப்போனது. வெளியே ஷெல் விழுந்துகொண்டிருந்ததால் விடியும் வரைக்கும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. விடிந்த பிறகு சேலைன் ஏற்றினார்கள், ஏற்றுவதற்கு இரத்தம் இருக்கவில்லை. எப்படியோ உயிர் தப்பினார்.

மூன்றாம் நாள் பால் இறங்கும் என்று அம்மா சொன்னார். இறங்கவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை, பத்தாம் நாளும் இல்லை. நெஞ்சு கட்டவும் இல்லை, நோகவும் இல்லை. சாப்பாடு இல்லை, பயம், அதுதான் பால் வரேல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த நேரத்தில் பால்மா காசு கொடுத்தும் கிடைக்காது. பக்கத்து பங்கரில் கைப்பிள்ளையோடு இருந்த ஒரு தாய்தான் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு எங்கள் பிள்ளையையும் வாங்கிப் பால் கொடுத்தார்.

மே மாதத்துக்குப் பிறகு அத்தான் இல்லை. முகாம், அதற்குப் பிறகு 2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து தறப்பாள் கொட்டில், பிறகு வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு. அந்த வருடங்கள் முழுக்க அக்கா கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தார். சித்திரை வெயிலில் போர்வை போர்த்துக்கொண்டு இருப்பார். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் அரை மணி நேரம் குந்தியிருப்பார். பேச்சு மெதுவாகிவிட்டது, முகம் மெழுகு மாதிரி வெளிறி, முப்பது வயதிலேயே வாயைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் விழுந்துவிட்டன. புருவத்தின் வெளிப்பக்கம் முடி இல்லை. பிள்ளை பிறந்ததற்குப் பிறகு மாதவிடாய் ஒரு தரமும் வரவில்லை, அதை அக்கா யாரிடமும் சொல்லவும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. புருஷனை இழந்த பெண்ணிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டோம்.

ஊரில் இதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. யோசனை என்றார்கள். இரத்தம் குறைவு என்றார்கள். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தோம், நூல் கட்டினோம். ஒரு வைத்தியசாலையில் இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள், இன்னொரு இடத்தில் மனஅழுத்தத்துக்கு என்று தந்தார்கள். ஒருவர் கேட்டு தைரொயிட் சோதனையும் எடுத்தோம், டி.எஸ்.எச். என்று ஒன்று, அது சரியாக இருக்கிறது, உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, யோசிக்காமல் இருங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். இவ்வளவையும் பார்த்த பெண் யோசிக்காமல் இருப்பது எப்படி? சண்டை எங்களுக்குச் செய்தவற்றில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். வன்னியில் எந்த வருத்தத்துக்கும் ஒரு காரணம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, அதனால் வேறு காரணத்தை யாரும் தேடுவதில்லை.

2019 மாரியில் அக்காவுக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தது. வீட்டில் வேறு இரண்டு பேருக்கும் அதே வருத்தம் வந்து, இரண்டு நாளில் எழும்பிவிட்டார்கள். அக்கா எழும்பவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், மறுபடி மூடிவிடுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிரஷர் மிகவும் குறைவு, சீனியும் குறைவு, இரத்தத்தில் சோடியம் 118. அது 135 முதல் 145 வரைக்கும் இருக்க வேண்டுமாம். வாட்டில் இருந்த ஒரு இளம் டொக்டர், என் தம்பி வயதுதான் இருக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார், கக்கத்தைப் பார்த்தார், அங்கே முடியே இல்லை. பிறகு கேட்டார்.

"அக்கா, கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தனீங்களோ?"

"பால் வரேல்லை டொக்டர். ஒரு சொட்டும் வரேல்லை."

"பிள்ளை பிறக்கேக்கை இரத்தம் கூடப் போனதோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான்தான் அந்த இரவைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து வருடத்தில் அந்த இரவைப் பற்றி எங்களிடம் கேட்ட முதல் வைத்தியர் அவர்தான்.

ஷீஹன் நோய் என்று அதற்குப் பெயர். ஹரோல்ட் ஷீஹன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1937இல் இதை விவரித்து எழுதினார். அதன் கதை இதுதான். மூக்கு தொடங்குகிற இடத்துக்கு நேர் பின்னால், மூளைக்குக் கீழே, எலும்பில் ஒரு சிறு குழி இருக்கிறது. அதற்குள் இருப்பது கபச்சுரப்பி, ஆங்கிலத்தில் பிட்யூட்டரி, நிறை ஏறக்குறைய அரைக் கிராம். பிள்ளைத்தாய்ச்சிக் காலத்தில் பால் சுரப்பதற்கு ஆயத்தமாக அது பருத்துவிடும். பருத்த அளவுக்கு இரத்தம் வேண்டும், ஆனால் அதற்குப் போகும் இரத்த ஓட்டம் அழுத்தம் குறைந்த ஓட்டம். பிரசவத்தில் இரத்தம் கொட்டி பிரஷர் விழுந்தால் முதலில் காய்வது அதுதான், கடைக்கோடி வயல் மாதிரி.

வைத்தியர்கள் எனக்குச் சொன்னதை நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளையாக எனக்கு விளங்கின மாதிரியே சொல்கிறேன். இரணைமடுக் குளத்தில் துருசு, அதாவது மதகு, திறந்தால் வாய்க்கால் தண்ணீர் எல்லாருடைய வரம்பையும் தொட்டுக்கொண்டுதான் போகும், ஆனால் வக்கடை வெட்டியிருக்கிற வயலுக்குள்தான் இறங்கும். சுரப்பிகள் விடுகிற ஓமோன் என்ற இரசாயனச் செய்தியும் அப்படித்தான். சுரப்பி அதை நேரே இரத்தத்துக்குள் விடுகிறது, இரத்தம் அதை உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் கொண்டுபோகிறது, ஆனால் அதை ஏற்கும் வாய் உள்ள கலங்கள் மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். வயலில் தண்ணீர் போதும் என்று சொல்லி அனுப்பினால் துருசை இறக்குவார்கள், காணாது என்றால் உயர்த்துவார்கள். உடம்புக்குள்ளும் அப்படிச் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி குறைவாகச் சுரந்தால் கபச்சுரப்பி அதைக் கண்டுபிடித்து டி.எஸ்.எச். என்ற ஓமோனைக் கூட்டி அனுப்பும், இன்னும் சுர, இன்னும் சுர என்று. கூடிவிட்டால் குறைத்துவிடும். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி இருக்கும் அதிரீனற் சுரப்பிகள், சூலகங்கள், பால் சுரக்கும் மார்பு எல்லாவற்றுக்கும் கட்டளை அங்கேயிருந்துதான் போகிறது.

இப்போது துருசு திறக்கிற ஆளே செத்துப்போனால்? வாய்க்காலில் பிழை இல்லை, வயலிலும் பிழை இல்லை, ஆனால் பயிர் காய்ந்துபோகும். அக்காவின் உடம்பில் நடந்தது இதுதான். பால் சுரக்கச் சொல்லும் ஓமோன் இல்லை, அதனால் பால் இல்லை. சூலகத்துக்குக் கட்டளை இல்லை, அதனால் மாதவிடாய் இல்லை. தைரொயிட்டுக்குக் கட்டளை இல்லை, அதனால் சித்திரையிலும் குளிர். அதிரீனலுக்குக் கட்டளை இல்லை, அதனால் கோர்ட்டிசோல் இல்லை. கோர்ட்டிசோல்தான் விடியும் நேரத்தில் கூடி எங்களை எழுப்பி நிற்க வைக்கிற ஓமோன், சாமத்தில் அது மிகக் குறைவு. காய்ச்சல் வந்தால், காயம் பட்டால், உடம்பு அதைப் பல மடங்கு சுரந்து பிரஷரையும் சீனியையும் விழாமல் பிடித்துவைக்கும். அக்காவால் அது முடியவில்லை, அதனால்தான் மற்றவர்கள் இரண்டு நாளில் எழும்பின வயிற்றோட்டத்தில் அவர் சாகப் பார்த்தார். விடியக்காலை எழும்பி நட என்று அந்த உடம்புக்குத்தான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த டி.எஸ்.எச். சோதனை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களைப் பல வருடம் வழிதவற வைத்தது அதுதான். தைரொயிட் சுரப்பியே பழுதானால் டி.எஸ்.எச். உயரும், சோதனையில் உடனே தெரியும். பெரும்பாலான ஆட்களுக்கு அப்படித்தான், அதனால்தான் அதை முதலில் பார்க்கிறார்கள், அது பிழையும் இல்லை. ஆனால் டி.எஸ்.எச்.ஐ அனுப்புகிற கபச்சுரப்பியே பழுதானால் அது வேண்டிய அளவுக்கு உயராது, பல நேரம் சரியான அளவில் இருக்கிற மாதிரியே காட்டும். அப்போது தைரொயிட் சுரக்கிற தைரொக்சினையும், அதாவது டி 4ஐயும் சேர்த்து அளந்தால்தான் பிடிபடும். அக்காவுக்கு அளந்தபோது அது அடிமட்டத்தில் இருந்தது. காலை எட்டு மணிக்கு எடுத்த கோர்ட்டிசோலும் அப்படித்தான். பிறகு யாழ்ப்பாணத்தில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். சுரப்பி நிபுணர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பேனா முனையால் காட்டினார், அந்தக் குழி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அக்கா அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் சும்மா சொல்லேல்லை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மருந்தும் பெரிய மருந்து இல்லை. உடம்பு சுரக்காததைக் குளிசையாகக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். காலையில் எழும்பின உடனே ஹைட்ரோகோர்ட்டிசோன், மத்தியானம் கடந்து இன்னும் கொஞ்சம். தைரொக்சின் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு, தேத்தண்ணிக்கு அரை மணி நேரமாவது முந்தி. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும், சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஏறாது. இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கோர்ட்டிசோல் போதாத ஆளுக்குத் தைரொக்சினை முதலில் கொடுத்தால், இருக்கிற கொஞ்சக் கோர்ட்டிசோலும் வேகமாகச் செலவழிந்து ஆள் விழுந்துவிடலாம். அதனால் முதலில் ஹைட்ரோகோர்ட்டிசோன், பிறகுதான் தைரொக்சின். பக்கத்து வீட்டு மாமியின் தைரொயிட் குளிசையை வாங்கிப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குளிசை தொடங்கி ஒரு கிழமைக்குள் அக்கா தானாக எழும்பி அடுப்பு மூட்டினார். இரண்டு மாதத்தில் குரல் திரும்பி வந்தது. குரல் போயிருந்தது என்பதே திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகோர்ட்டிசோனை இரட்டிப்பாக எடுக்க வேண்டும், சத்தி எடுத்து குளிசை நிற்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக்கூடாது என்று கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதித் தந்திருக்கிறார்கள். சில மாதங்களில் அந்தக் குளிசை கிளினிக்கில் இருக்காது, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தருவார்கள், நாலு கடை ஏறி இறங்க வேண்டும். நிறுத்தவே கூடாத குளிசை தட்டுப்பாடாவது எப்படி இருக்கும் என்று அதற்குப் பொறுப்பானவர்கள் ஒரு தரம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இப்போது ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த உடனே தாயின் தொடையில் ஒரு ஊசி போடுகிறார்கள், கருப்பை இறுகி இரத்தம் நிற்பதற்கு. அது ஒக்சிடோசின். மூளையின் அடியில் உருவாகி இதே கபச்சுரப்பியின் பின்பக்கத்தில் சேமித்து வைக்கப்படுகிற ஓமோன் அது, அதையே 1953இல் வின்சென்ட் டு விக்னோ என்பவர் செயற்கையாகச் செய்து காட்டி, 1955இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த ஊசியைக் குளிரில், 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். மாத்தளன் மணலில் எங்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி எங்கே?

அக்காவின் மகன் இப்போது பதினொராம் ஆண்டு. அவனுடைய விஞ்ஞானப் புத்தகத்தில் சுரப்பிகள் பற்றிய பாடம் வருகிறது. போன மாதம் குசினி வாசலில் இருந்து தாய்க்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கபச்சுரப்பி என்று வந்த இடத்தில் நிறுத்தி, "அம்மா, உங்களுக்கு இல்லாதது" என்றான். ஓமோன் என்ற சொல்லை 1905இல் லண்டனில் ஸ்டார்லிங் என்பவர் முதலில் பயன்படுத்தினார், தூண்டி எழுப்புவது என்று அதற்குக் கிரேக்கத்தில் அர்த்தம் என்று அவனே எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னான். பிள்ளைகள் இதைப் பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள், வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சீனி வருத்தத்தை எடுங்கள், சாப்பிடாமல் பார்த்தால் 126க்கு மேல் போனால் சீனி என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் சதையி என்ற சுரப்பியின் இன்சுலின் பற்றின கதை அது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறம் மூட்டு நோவுக்கு என்று பெயர் எழுதாத கடதாசிப் பைக்குள் குளிசை வாங்கிப் போடுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். அதில் கோர்ட்டிசோல் மாதிரி வேலை செய்கிற ஸ்டீரொயிட் இருந்து அதை மாதக்கணக்கில் விழுங்கினால், உடம்பில் கோர்ட்டிசோல் தாராளமாக இருக்கிறது என்று கபச்சுரப்பி நினைத்து அதிரீனலுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். ஒருநாள் காசில்லை என்று திடீரென்று நிறுத்தினால் அக்காவின் நிலைதான். ஆஸ்துமாவுக்கும் வாதத்துக்கும் வைத்தியர் எழுதித் தரும் ஸ்டீரொயிட் வேறு விஷயம், அது தேவையான மருந்து, ஆனால் அதையும் அவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.

ஆசிரியர் ஐயா, நான் முன்பள்ளி ஆசிரியை, வைத்தியம் படித்தவள் இல்லை. களைப்பாக இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் இந்த நோய் என்று நான் சொல்ல வரவில்லை. பால் வராததற்கும் வேறு எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. மனம் நொந்து களைத்துப்போன பெண்களும் எங்கள் ஊரில் நிறையப் பேர், அவர்களுக்கும் வைத்தியம் வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். அந்த மாதங்களில் பங்கருக்குள்ளும் தறப்பாளுக்குக் கீழும் பிள்ளை பெற்றது என் அக்கா மட்டும் இல்லை. அவர்களில் யாராவது இன்னும் வெயிலில் போர்த்துக்கொண்டு இருந்தால், பிள்ளை பிறந்தபோது இரத்தம் கொட்டினதா, பால் வந்ததா, அதற்குப் பிறகு மாதவிடாய் திரும்பினதா என்று யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். குடும்பநல மிஸ்மார் வீடு வீடாகப் போகிறவர்கள், அவர்களால் இது முடியும். அப்படி ஒருவர் இருந்தால், இந்தக் கதையைச் சொல்லி கிளினிக்கில் டி 4ஐயும் காலைக் கோர்ட்டிசோலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மகளிர் பக்கத்தில் ஒரு சுரப்பி வைத்திய நிபுணரைக் கொண்டு எழுதுவியுங்கள், எங்களுக்கு விளங்குகிற தமிழில்.

கடைசியாக ஒன்று, இதை வெட்டாமல் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன். மாத்தளனில் எங்கள் பக்கத்து பங்கரில் இருந்து எங்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்த அந்தத் தாயின் பெயரை நாங்கள் கேட்டு வைக்கவில்லை, பிறகு அவரைக் காணவும் இல்லை. அவர் எங்கேயாவது இருந்து இதை வாசித்தால் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை நல்லாய் இருக்கிறான், ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறான். தாயும் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு தங்கை,
கிளிநொச்சி.